பிள்ளை எந்த வகை? பாடம் எந்த வகை?

(பிம்ப்ரியில் நடந்த உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  முன்வரிசையில் பிள்ளைகள் சாவகாசமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருக்கும் அப்பா அம்மாக்களின் முகத்தில்தான் பரீட்சைக் கவலை தெரிகிறது. அதனால் இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் பின்வரிசைக்கு.

இந்த ஊருக்கு நம்மவர்கள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1954ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை பிம்ப்ரியில் ஏற்பட்டது. பிறகு டெல்கோ, பஜாஜ் என்று ஒவ்வொன்றாக வந்தன. தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு என்று பல இடங்களிலிருந்து டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோ டிப்ளமாவோ கையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கையில் வேறு ஆஸ்தி கிடையாது, படிப்புதான் ஆஸ்தி. ஆகவே குழந்தையின் படிப்பு என்றால் நமக்குக் கொஞ்சம் பதற்றம் கூடுதல். அந்தப் பதற்றத்தை வைத்து வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சொல்வதற்காகத்தான் கமிட்டி கொடுத்த தலைப்பை உடனே ஒப்புக்கொண்டேன்.

தலைப்பு, 'உங்கள் குழந்தையின் கற்றல் பாணி எது?'. இந்த வார்த்தையைப் பள்ளிக்கூட பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சில குழந்தைகள் பார்த்துக் கற்பவர்கள், அவர்களுக்குப் படம், வரைபடம், வண்ணப் பேனா வேண்டும். சிலர் கேட்டுக் கற்பவர்கள், அவர்களுக்கு வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். சிலர் கை கால்களால் செய்து கற்பவர்கள். எந்தக் குழந்தை எந்த வகை என்று கண்டுபிடித்து, அந்த வகையிலேயே பாடம் நடத்தினால் மார்க் தானாக வரும் என்பது இதன் சாராம்சம். நியூஸிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த நீல் ஃப்ளெமிங் என்பவர் 1992ல் 'வார்க்' என்ற கேள்விப் பட்டியலை வெளியிட்டார். பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு வகை அதில். உலகம் முழுவதும் பரவியது. இதேபோல எத்தனை விதமான வகைப்பாடுகள் இருக்கின்றன என்று இங்கிலாந்தில் 2004ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. 71 இருந்தன! நம் ஜோசியத்தில் கூட ராசி பன்னிரண்டோடு நிற்கிறது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எந்தக் குழந்தையும் மக்கு இல்லை, சொல்லிக் கொடுக்கும் விதம்தான் பொருந்தவில்லை என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் ஆறுதலாக இருக்காது? இந்த எண்ணம் பரவியதற்கு அந்த நல்ல மனசு ஒரு காரணம். 2020ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், 18 நாடுகளில் ஆசிரியர்களைக் கேட்டதில் ஏறக்குறைய 89 சதவீதம் பேர், பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்று நம்புவதாகத் தெரிந்தது.

ஆனால் பலன் உண்டா? இதைத்தான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

என் மூக்குக்கண்ணாடியை நான் போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதையே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா போட்டுக்கொண்டால் அவருக்கு மங்கலாகத் தெரியும், அவர் கண்ணாடி எனக்கு மங்கல். ஆளுக்கு ஆள் கண்ணாடி வேறு என்பதற்கு இதுதான் நிரூபணம். கற்றல் பாணிக்கும் இப்படி ஒரு நிரூபணம் வேண்டும். 'பார்க்கும்' பிள்ளைக்குப் படத்தால் சொன்னால் அதிகம் ஏற வேண்டும், வாயால் சொன்னால் குறைவாக ஏற வேண்டும். 'கேட்கும்' பிள்ளைக்கு இது தலைகீழாக நடக்க வேண்டும். அமெரிக்காவில் ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு உளவியல் பேராசிரியர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2008ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். இந்த மாதிரி குறுக்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளே மிகச் சில, முறையாகச் சோதித்தவற்றிலும் பெரும்பாலானவை கொள்கைக்கு எதிராகத்தான் வந்திருக்கின்றன, இதற்காகப் பள்ளிகள் பணம் செலவழிக்க ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். அதற்குப் பிறகும் பார்த்தார்கள். 2015ல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு புத்தகத்தின் பகுதியை ஒலியாகவும், இன்னொரு பகுதியினருக்கு எழுத்தாகவும் கொடுத்தார்கள். யார் 'கேட்கும்' வகை, யார் 'படிக்கும்' வகை என்பதற்கும், யாருக்கு எது அதிகம் மனதில் நின்றது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

விருப்பம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குக் கதை கேட்கப் பிடிக்கும். எனக்குக் காபி பிடிக்கும், என் சம்பந்திக்கு டீ. அதனால் அவருக்கு டீயில்தான் சத்து இறங்கும் என்று ஆகிவிடாது. திறமையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1983ல் பலவகை அறிவு என்ற கொள்கையை எழுதிய ஹோவர்ட் கார்ட்னரின் பெயரையும் இதோடு சேர்த்து இழுப்பது வழக்கம். அவரே, நான் சொன்னது வேறு, கற்றல் பாணி என்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று எழுதிவிட்டார்.

சரி, ஆதாரம் இல்லாவிட்டால் போகட்டும், நம்புவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பத்தாவது முடித்த பெண். கணிதத்தில் சுமார், ஆனால் மோசமில்லை. யாரோ சொன்னார்கள் என்று விரல்ரேகை எடுத்து மூளையின் வகையைச் சொல்லும் டெஸ்ட் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். டி.எம்.ஐ.டி. என்று அதற்குப் பெயர். வழவழ காகிதத்தில், வண்ண வண்ணப் படங்களோடு ரிப்போர்ட் வந்தது. குழந்தை 'செய்து கற்கும்' வகை, தர்க்க அறிவு குறைவு என்று போட்டிருந்தது. சயன்ஸ் எடுக்க ஆசைப்பட்ட பெண், இரண்டே நாளில் "எனக்குத்தான் மேத்ஸ் மூளையே கிடையாதே மாமா" என்று என்னிடம் வந்து சொல்கிறாள். இரண்டு வாரம் முன்பு வரை இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்த குழந்தை! விரல்ரேகை தாயின் கர்ப்பத்திலேயே அமைந்துவிடுகிறது, பிறகு மாறாது. அதை வைத்துப் பதினைந்து வயதுப் பெண் என்ன படிக்கலாம் என்று சொல்வதற்கும் கைரேகை பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்? கைரேகை ஜோசியராவது கொஞ்சம் பணத்தோடு விட்டிருப்பார். இந்த டெஸ்டுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமே நிலைப்பாட்டு அறிக்கை கொடுத்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தேன். அவள் இப்போது பதினொன்றாவதில் சயன்ஸ்தான் படிக்கிறாள். கஷ்டப்பட்டுத்தான் படிக்கிறாள். கணிதம் கஷ்டப்பட்டுத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது.

ஆக, பிள்ளை எந்த வகை என்று தேடுவதை விட்டுவிட்டு, பாடம் எந்த வகை என்று கேட்டால் பிரயோஜனமாக இருக்கும்.

நம் பிம்ப்ரிக் குழந்தைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தில் 2020ல் வந்த சட்டப்படி எந்தப் பள்ளியானாலும் மராட்டி கட்டாயப் பாடம். நம் குழந்தைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, ள, ண இரண்டும் தமிழிலேயே இருப்பதால் ஹிந்திக்காரர்களைவிடச் சுலபமாக வந்துவிடும். ஆனால் மூச்சு விட்டுச் சொல்லும் எழுத்துகளில் மாட்டிக்கொள்வார்கள். மராட்டியில் பாட்டுக்கும் 'காணே', தின்பண்டத்துக்கும் 'காணே'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். மராட்டியில் முதலாவது மெல்லிய ககரம், இரண்டாவது மூச்சோடு வரும் வல்லினம். இந்த வித்தியாசத்தை எத்தனை வண்ணப் பேனாவால் எழுதினாலும் பார்த்துக் கற்க முடியாது. காதால் கேட்டு, வாயால் பத்துத் தடவை சொல்லி, பக்கத்து ஃப்ளாட் மராட்டிக்கார ஆஜியிடம் திருத்தம் வாங்கித்தான் வரும். அந்தக் குழந்தை எந்த 'வகை'யாக இருந்தாலும் இதற்கு இதுதான் வழி.

பூகோளத்துக்கு வருவோம். நம் ஊர் வழியாக ஓடும் பவனா நதி தாபோடி பக்கத்தில் முளாவில் கலக்கிறது. முளா, புனே நகரத்தில் முட்டாவோடு சேர்கிறது. முளா முட்டா போய் பீமாவில் விழுகிறது, பீமா கிருஷ்ணாவில், கிருஷ்ணா ஆந்திரக் கடற்கரையில் வங்காள விரிகுடாவில். நான் இப்போது வாயால் சொன்னேன். எத்தனை பேருக்கு நின்றது? குழந்தை 'கேட்கும் வகை' என்பதற்காக இதை ரெக்கார்டு செய்து போட்டுக் காட்டினால் ஒன்றும் ஆகாது. வெறும் காகிதத்தில் நதியை வரையச் சொல்லுங்கள், அட்லஸைத் திறந்து சரி பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி வரையச் சொல்லுங்கள். அக்கவுன்டன்ஸியும் அப்படித்தான். சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், அவர்களையே கேளுங்கள். பற்று வரவைக் காதால் கேட்டு யாராவது பாஸ் செய்திருக்கிறார்களா? கை வலிக்க எழுதித்தான் ஆக வேண்டும்.

படமும் சொல்லும் சேர்ந்து வந்தால் நன்றாகப் புரிகிறது என்பது உண்மை. இதயத்தின் நான்கு அறைகளைப் படம் போட்டு, அதன் மேலேயே பெயர் எழுதி, வாயாலும் விளக்கினால் நன்றாக ஏறும். ஆனால் இது 'பார்க்கும்' குழந்தைக்கு மட்டும் உரிய சலுகை இல்லை, எல்லாக் குழந்தைக்கும் பொதுவானது.

இதை நம் பழைய ஆசிரியர்கள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வேத அத்யயனத்தில் குரு ஒரு தடவை சொல்வார், சிஷ்யன் இரண்டு தடவை சொல்வான். சந்தை என்று அதற்குப் பெயர். பிறகு தானாகவே திருவை சொல்லி உருவேற்ற வேண்டும். வாக்கியமாகச் சொன்னதைப் பதம் பதமாகப் பிரித்து, பிறகு க்ரமத்தில் ஒன்று இரண்டு, இரண்டு மூன்று என்று கோத்து, ஜடையில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு என்று திருப்பி, கனத்தில் மூன்று பதங்களை வைத்து இன்னும் பின்னுவார்கள். அதாவது ஒரே விஷயத்தை மனதிலிருந்து வேறு வேறு வரிசையில் வெளியே எடுப்பது. சாம கானத்தில் கட்டை விரல் மற்ற விரல்களைத் தொட்டு ஸ்வரத்தைக் காட்டும். நம்பூதிரிகள் ருக் வேதம் சொல்லிக் கொடுக்கும்போது ஸ்வரத்துக்கு ஏற்பக் குழந்தையின் தலையையே பிடித்துச் சாய்ப்பார்கள். காது, வாய், கை, கழுத்து எல்லாமே வேலை செய்கின்றன. 'நீ கேட்கும் வகையா, செய்யும் வகையா' என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. சப்தம் பிசகக் கூடாது என்பது பாடத்தின் தேவை, அதற்கு ஏற்ற முறை. அதே முறையில் ஜியாமெட்ரி சொல்லிக் கொடுத்தால் உருப்படாது. 'உரு' என்றாலே எல்லாப் படிப்புக்கும் உகந்தது என்று நம்மில் சிலர் நினைப்பதும் சரியில்லை. தேற்றத்தை மனப்பாடம் செய்து, முக்கோணத்தின் பெயர் அ ஆ இ என்பதிலிருந்து ப ம ய என்று மாறிய உடனே திகைத்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொன்று, திண்ணைப் பள்ளிக்கூடம். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை ஆசிரமத்தின் பொறுப்பில் இருந்தார். நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்து வியந்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார், நம் சட்டாம்பிள்ளை மாதிரி. 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் ஸிஸ்டம்' என்று இங்கிலாந்து முழுவதும் பரவியது. அவர் கொடுத்த பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஏற்பட்ட பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். மணலில் எழுதும்போது விரல் எழுதுகிறது, கண் பார்க்கிறது, வாய் உரக்கச் சொல்கிறது. அதைவிட முக்கியம், எழுதியதை உடனே அழித்துவிட்டு மறுபடி நினைவிலிருந்து எழுத வேண்டும். பழைய பள்ளி எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரம்பும் இருந்தது, எல்லோருக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. ஆனால் அந்த மணல் நல்ல யோசனை.

அழித்துவிட்டு எழுதுவது ஏன் நல்லது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. 2006ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 81க்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை மாறிவிட்டது. மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம் நின்றது, மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 56 சதவீதம்.

கணித வாத்தியார் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். 2007ல் ரோரர், டெய்லர் என்பவர்கள் நான்கு விதமான கன உருவங்களின் கொள்ளளவு காணக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே மாதிரிக் கணக்குகளை அடுத்தடுத்து, நம் பாடப் புத்தகப் பயிற்சி மாதிரி. இன்னொரு பிரிவுக்கு நான்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது அடுக்கிப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை வைத்தால் அடுக்கிப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63! பரீட்சையில் கணக்கைப் போடுவதற்கு முன் எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் கலந்து போட்டவர்களுக்குத்தான் வந்தது.

பெற்றோர்கள் ஏமாறுவது இங்கேதான். பிள்ளை புத்தகத்தை விரித்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு மூன்றாம் முறை வாசிக்கிறான், தடங்கல் இல்லாமல் போகிறது, நமக்கும் திருப்தி, அவனுக்கும் திருப்தி. புத்தகத்தை மூடிச் சொல்லச் சொன்னால் திக்குகிறான், அழுகை வருகிறது, 'இந்த முறை இவனுக்குப் பொருந்தவில்லை' என்று விட்டுவிடுகிறோம். அந்தத் திணறலில்தான் படிப்பே நடக்கிறது. பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு 2013ல் டன்லாஸ்கி முதலியோர் எழுதிய அறிக்கையிலும், கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், நாட்களை இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்தட்டில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஒரே பாடத்தோடு மல்லாடுவதற்குப் பதில், அதை நாலு நாளைக்கு ஒவ்வொரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டால் போதும். காசு கூடுதலாக ஆகாது. கோச்சிங் கிளாஸ் விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளும் ஒன்றுதானா? அப்படிச் சொல்ல மாட்டேன். வித்தியாசங்கள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு இடத்தில் இருக்கின்றன. முதலில் கண்ணும் காதும். 'எழுதிப்போட்டால் ஏறாது, சொன்னால்தான் ஏறும்' என்று பெயர் வாங்கிய ஒரு பையனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனதில், அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு அவன் 'பாணி' மாறிவிட்டது. இரண்டாவது, முன்னால் தெரிந்தது எவ்வளவு என்பது. பின்னம் புரியாமல் ஏழாவது வந்த குழந்தைக்கு அல்ஜீப்ராவைப் படமாகக் காட்டினாலும் பாட்டாகப் பாடினாலும் புரியாது, பின்னத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். வேகமும் வேறுபடும். தமிழ்நாட்டில் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். கமிஷனராக இருந்தபோது, ரிஷி வேலி பள்ளியின் முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளை வரிசையாக முடித்துக்கொண்டு தன் வேகத்தில் ஏணியில் ஏறுவதுபோல் போகலாம். பிறகு மாநிலம் முழுவதும் வந்தது, காலப்போக்கில் மாறவும் செய்தது. அதில் நல்ல அம்சம், குழந்தையை வகை பிரிக்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தது.

நம் குழந்தைகளுக்குப் பெரிய வித்தியாசம் பாஷை. அகத்தில் தமிழ், லிஃப்டில் ஹிந்தி, மைதானத்தில் மராட்டி, வகுப்பில் இங்கிலீஷ். கணக்குப் புரியவில்லையா, கணக்கைக் கேட்ட இங்கிலீஷ் புரியவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இது விளையாட்டில்லை. எவ்வளவு முயன்றாலும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல், எழுத்தைத் திருப்பிப் போட்டு, நன்றாகப் பேசும் குழந்தை படிப்பில் மட்டும் தவித்தால், 'அவன் கேட்டுக் கற்கும் வகை' என்று சொல்லிக் காலத்தைத் தள்ளாதீர்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்திருப்பீர்கள், அதில் வரும் பள்ளி நம் பக்கத்து பஞ்ச்கனியில் எடுத்தது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. முறையான மருத்துவப் பரிசோதனையும் சர்டிபிகேட்டும் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கும். அதற்கும் மேல், முறையான பயிற்சி கிடைக்கும். நம் வீடுகளில் இதை வெளியே சொல்லத் தயங்குகிறோம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று. விரல்ரேகை டெஸ்டுக்குக் கூசாமல் போகிறவர்கள் சரியான டாக்டரிடம் போகக் கூசுகிறார்கள்!

பேசி முடித்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு மாமி, "என் பிள்ளை பாட்டுப் போட்டுக்கொண்டுதான் படிப்பேன் என்கிறான், அது அவன் பாணி என்கிறான், விடலாமா?" என்று கேட்டார். அவனிடம் சண்டை போட வேண்டாம். ஒரு நாள் பாட்டோடு, ஒரு நாள் பாட்டில்லாமல், இரண்டு பாடங்களைப் படிக்கட்டும். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் பத்துப் பத்துக் கேள்வி கேளுங்கள், மார்க்கை அவனே கூட்டிப் பார்க்கட்டும். அவன் வாயால் வரும் பதில் நம் உபதேசத்தைவிட எடுபடும். வார்த்தைகள் உள்ள பாட்டு அநேகமாகத் தோற்கும் என்பது என் ஊகம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "எனக்கு இங்கிலீஷும் தெரியாது, மராட்டியும் தெரியாது. பேத்தி எட்டாவது. பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஹிஞ்ஜவாடியிலிருந்து வீடு வரவே எட்டு மணி ஆகிறது. நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். பாட்டி, உங்களைவிடச் சிறந்த ட்யூஷன் வாத்தியார் இந்த ஊரில் கிடையாது. பேத்தி பள்ளியிலிருந்து வந்து டிபன் சாப்பிட்டதும், புத்தகத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன பாடம் என்று கேளுங்கள். தமிழில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் புரிகிற வரையில் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் "எனக்குப் புரியலையேடி" என்று நிஜமாகவே சொல்லிவிடுங்கள். அவள் தடுமாறும் இடத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், அந்த ஒரு பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி சொல்லட்டும். புதன்கிழமை சொன்ன பாடத்தை, மறந்துபோன மாதிரி, மறு திங்கட்கிழமை திரும்பக் கேளுங்கள்.

"மறந்துபோன மாதிரி நடிக்கவே வேண்டாம், நிஜமாகவே மறந்துவிடும்" என்றார் பாட்டி.